கரியில் காய்ந்த சால்டரிங் அயர்ன்

தஞ்சாவூரில் ரேடியோ மெக்கானிக் படிப்பு முடித்த கையோடு நான் வாங்கிய முதல் பொருள், ஈயம் உருக்கி ஒயர் பற்றவைக்கும் ஒரு பழைய சால்டரிங் அயர்ன். புதியது வாங்க வக்கில்லை என்பது உண்மைதான். ஆனால் வசதி இருந்திருந்தாலும் நான் காயலான் கடைக்குத்தான் போயிருப்பேன். அடுத்தவர் புழங்கிய கருவி என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. பிடியில் இருக்கும் சூட்டுத் தழும்பு, நூல் சுற்றிய ஒயர், ஒரு பக்கமாகவே தேய்ந்துபோன செம்பு முனை. இதையெல்லாம் பார்த்து, இவர் இடக்கைக்காரராக இருப்பாரோ, இவருக்குப் பொறுமையே கிடையாதோ என்று யோசித்துக்கொண்டு நின்றால் எனக்கு நேரம் போவது தெரியாது. கடைக்கார பாய் அன்று பிளக்கைச் சொருகி, முனையில் ஈயக்கம்பியை வைத்து உருக்கிக் காட்டினார். புகை வந்தது. ஈயம் பளபளவென்று ஓடியது. நான் உச்சி குளிர்ந்து ஊருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் என் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எங்கே சொருகப் போகிறாய் என்று கேட்டாள். எங்கள் தெருவில் மின்சாரம் கிடையாது. படித்த காலமெல்லாம் விடுதியில் சுவிட்சைத் தட்டித் தட்டி, அது நினைவிலேயே இல்லாமல் போயிருந்தது. கழக ஆட்சி வந்து ஊர்ச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்த காலம். மின்கம்பி எங்கள் கூரைகளுக்கு மேலேதான் போனது. போய், பண்ணையின் பம்புசெட்டில் இறங்கியது. எங்களுக்கு அதில் காக்கை உட்காருவதைப் பார்க்கும் பாத்தியதை மட்டும் இருந்தது. தெரு முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் திருகாணியைக் கழற்றி, செம்பு முனையை உருவி, கொட்டாங்கச்சிக் கரி நெருப்பில் வைத்தேன்.

அப்படி வைத்ததில்தான் அந்த வேடிக்கையைப் பார்த்தேன். செம்பு நன்றாகக் காய்ந்ததும் அதைச் சுற்றியிருந்த தீ பச்சையாக மாறியது. தென்னங்குருத்து நிறம். அந்த நேரத்தில் எடுத்தால் ஈயம் வழுக்கிக்கொண்டு உருகியது. அதற்கு முன்னால் எடுத்தால் கட்டிதட்டியது. தாமதித்தால் முனை கருகி ஈயமே ஒட்டவில்லை. வகுப்பில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. பல நாள் சும்மாவே அடுப்பின் முன் உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் முனை பென்சில் பருமன்தான் இருந்தது. குறடால் பிடித்து ஒயரின் மேல் வைப்பதற்குள் ஆறிப்போனது.

மறுபடி பாயிடம் போனேன். குப்பைப் பெட்டியில் கட்டைவிரலைவிடத் தடிமனான முனையோடு ஒரு பெரிய அயர்ன் கிடந்தது. உள்ளே சூடேற்றும் எலிமெண்ட் எரிந்துபோனது, செத்தது, அது எதற்கு என்று அவர் தடுத்தார். அதுதான் வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவ்வளவு செம்பு சீக்கிரம் ஆறாது. ரேடியோவுக்குள் நுழையாத பருமனாக இருந்ததால், அதன்மேல் கெட்டியான செம்புக்கம்பியைச் சுற்றி, நுனியை மட்டும் மூக்கு மாதிரி நீட்டிவிட்டேன். நம்பமாட்டீர்கள், அருமையாக வேலை செய்தது. டார்ச் லைட், சைக்கிள் டைனமோ என்று கிடைத்ததையெல்லாம் பற்றவைத்துப் பழகினேன்.

அந்த வருஷம் சம்பா அறுப்பு நின்றுபோனது. கூலி நெல்லை உயர்த்தினால்தான் வயலில் இறங்குவோம் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லிவிட்டது. பண்ணை வெளியூரிலிருந்து ஆள் இறக்கப் பார்த்தது. போலீஸ் வந்தது. கதிர் முற்றி நெல் உதிரத் தொடங்கியது. எங்கள் தெருவில் கஞ்சித் தொட்டியும் வற்றிக்கொண்டிருந்தது. அறுப்புப் பெண்களுக்கு அக்காதான் முன்னால் நின்றாள். தஞ்சாவூரில் சங்கத்துக்கும் பண்ணைக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. முடிவு தெரியாமல் பழைய கூலிக்கு இறங்கிவிட்டால் இந்த அறுப்பு முழுக்க அதுதான் கூலி. ஆனால் பிள்ளைகளின் வயிறு கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள், அன்று சாயங்கால ரேடியோச் செய்தியில் முடிவு வரும், வராவிட்டால் விடிந்ததும் இறங்கிவிடுவது என்று பெண்கள் பேசி வைத்திருந்தார்கள்.

அந்த மத்தியானம் சங்கத்து டிரான்சிஸ்டர் ஆணியிலிருந்து விழுந்து ஊமையாகிவிட்டது. தெருவில் இருந்தது அது ஒன்றுதான்.

திறந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் சர்க்யூட் பலகையில் ஈயம் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. சின்னக் கோளாறுதான். ஆனால் சூடு கொஞ்சம் கூடினால் பலகையில் ஒட்டியிருக்கும் செம்புப் பட்டை உரிந்து வந்துவிடும். பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. கூப்பிடு தூரத்தில் பம்புசெட்டு. முதலில் வாங்கிய, உயிருள்ள அயர்னும் என்னிடம் இருந்தது. ஒரு நிமிஷம் சொருகினால் போதும் என்று அக்காவிடம் சொன்னேன். வேலைநிறுத்தத்தின்போது பண்ணை வரப்பில் எங்கள் ஆள் ஒருவன் கால் வைத்தால் அதைச் சங்கத்தின் கட்டு உடைந்த கதையாக ஊரெல்லாம் சொல்வார்கள் என்று அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கரியைப் பற்றவைத்தேன்.

பெண்கள் சுற்றி நின்றார்கள். பச்சை வந்தது. எடுத்து, ஈரத்துணியில் ஒரு தடவை தட்டி, கம்பி மூக்கை ஒயரின் மேல் வைத்து எடுத்தேன். ஈயம் சுற்றிப் படிந்தது. பட்டை உரியவில்லை. குமிழைத் திருகினால் யாரோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். கூலி உயர்வுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன என்றும், எத்தனை படி நெல் என்றும் தெளிவாகச் சொன்னார்கள். தெருவே ஆர்ப்பரித்தது. அக்கா மட்டும் டிரான்சிஸ்டரை அணைத்துத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் பெண்கள் அரிவாளோடு போனபோது, அவள் டிரான்சிஸ்டரையும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட வரச்சொன்னாள். வரப்பில் பண்ணையின் அறுப்பையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் நின்றுகொண்டிருந்தார். புதுக் கூலி என்றதும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எங்க வீட்டு ரேடியோவுல அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அக்கா அவரோடு வாதாடவில்லை. காலைச் செய்தி வரும்வரை யாரும் இறங்கவேண்டாம் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, டிரான்சிஸ்டரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பக்திப்பாட்டு போனது. விளம்பரம் போனது. நான் பாட்டைக் கேட்கவே இல்லை. நான் பற்றவைத்த அந்த ஒயரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது விட்டுப்போனால் இவர் சொல்வதுதான் செய்தி. அவள் கை ஆடும்போதெல்லாம் ஏந்திக்கொள்ளப் போவது போல நான் கையை நீட்டினேன். செய்தி தொடங்கியது. மழை, மந்திரி சுற்றுப்பயணம், அப்புறம் நேற்றுச் சொன்னதே, அதே படிக்கணக்கோடு. வயல்வெளியில் அது நன்றாகக் கேட்டது. காரியக்காரருக்கும் கேட்டது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நெல் அளக்கும் மரக்காலை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு அக்காவைப் பார்த்து, "நாளைக்கே கூலியக் கொறச்சாச்சுன்னு இதே பொட்டி சொன்னா, அப்பவும் கேப்பியா?" என்றார்.

"கேட்டுக்குவோங்க. அதையும் எங்க காதாலயே கேட்டுக்குவோம்" என்றாள் அக்கா.

டிரான்சிஸ்டரை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.