பாடுகிறவர் ஏறாத ஜீப்

1999 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்குத் தேனி பஸ் நிலையத்தில் கம்பம் வண்டியைப் பிடித்தேன். சின்னமனூருக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர். டிக்கெட் ஐந்தரை ரூபாய். பையில் ஒரு போர்வையும், என் உயிருக்கு அடுத்தபடியாக நான் வைத்திருந்த ஒரு கேசட்டும்.

பாரிஸ் நகரத்து நடனக் கூடங்களில் ஏழை பாழைகள் ஆடிக் களித்த இசைக்கு முசெத் என்று பெயர். அதற்கு உயிர் அக்கார்டியன். ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் கேசட்டில் இருந்த முசெத் ஆல்பத்தில் ஓர் அக்கார்டியனும் ஒரு ஜாஸ் கிதாரும் மட்டும்தான். ஒருவர் பழைய மெட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர் அதைக் கலைத்துப்போட்டு விளையாடுகிறார். புதுச்சேரி நண்பன் ஒருவன் பாரிஸிலிருந்து வாங்கிவந்தது. இன்னொன்று கிடைக்குமா என்று சென்னைக் கடைகளில் தேடி அலுத்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் பத்துப் பேருக்காவது போட்டுக் காட்டியிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஐந்து நிமிஷத்தில் காபிக்கு எழுந்துவிடுவார்கள். ஒருவருக்காவது இது பிடித்துவிடாதா என்று ஏங்கிக் கிடந்தேன்.

ஏழரை மணி, சின்னமனூர். மேகமலைக்கு ஜீப்பில் ஆளுக்கு நாற்பது ரூபாய். ஓட்டுநர் பாண்டிக்கு முப்பது வயதிருக்கும். என் பக்கத்தில் தக்காளிக் கூடையோடு ராசாத்தி. மேலே எஸ்டேட்டில் தேயிலை பறிப்பவர். மலையடிவாரத்தில் தென்பழனி வருவதற்குள் பின் சீட்டில் தகராறு. ஒருவருக்குப் பழைய பாட்டு வேண்டும், இன்னொருவருக்குப் புதுப் பாட்டு. பாண்டி கோபித்துக்கொண்டு டேப்பையே நிறுத்திவிட்டார். இதுதான் சமயமென்று என் கேசட்டை நீட்டினேன்.

முதல் மெட்டு பாதி போயிருக்கும்.

“பாடுறவுக எங்க, பாண்டி?” என்றார் ராசாத்தி.

“வருவாக ஆத்தா. மொதல்ல மியூசிக்கு.”

ஜீப் மொத்தமும் பாடகருக்காகக் காத்திருந்தது. இரண்டாவது மெட்டும் முடிந்தது. இதில் பாடகரே கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த வளைவில் கேசட் வெளியே வந்துவிடும். ரோடு கல்லும் குழியுமாக எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

ஒன்பதரைக்கு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் பாண்டி வண்டியை நிறுத்தினார். எஞ்சின் அடங்கிய நேரம், கிதார் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. பிறகு அக்கார்டியன், வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வருவதுபோல மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது. காலை நீட்டக்கூட யாரும் இறங்கவில்லை. எனக்கு மனசாட்சி உறுத்தியது.

“இதுல பாடுறவங்க யாரும் இல்லீங்க” என்றேன்.

“இல்லாட்டிப் போகுது” என்றார் ராசாத்தி. “அதுக ரெண்டும் பேசிக்கிட்டு இருக்குல்ல. நடுவுல ஆளு என்னத்துக்கு?”

படித்தவர்கள் பத்துப் பேரிடம் கிடைக்காத வார்த்தை.

பதினொரு மணிக்கு மேகமலை. முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். எல்லாரும் இறங்கிப் போனார்கள். பாண்டி ரூபாயை வாங்கிக்கொண்டார், டேப்பிலிருந்து கேசட்டை எடுக்கவில்லை.

“சார், இது இங்கனயே இருக்கட்டுமே. இன்னைக்குத்தேன் சண்டையில்லாம மேல வந்து சேந்திருக்கோம்.”

“இது ஒண்ணுதாங்க இருக்கு. ஊருக்குப் போய்ப் பதிஞ்சு அனுப்புறேன்.”

“அனுப்புவீக” என்று சிரித்தார். “போட்டோ எடுத்தவுக பூராம் அப்பிடித்தேன் சொல்லிட்டுப் போனாக.”

சுருக்கென்றது. போன ஊர்களில் எல்லாம் நானும் அப்படிச் சொன்னவன்தான், ஒருவருக்கும் அனுப்பியதில்லை. பையைத் திறந்து, கேசட்டின் டப்பாவையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த கையோடு வருத்தமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

வீட்டில் என் ரேடியோ டேப் ரெக்கார்டர் இப்போது செய்திதான் வாசிக்கிறது. அந்த ஆல்பத்தை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். சின்னமனூரில் ஏழரை மணி ஜீப்பில் ஏறி, பாண்டியிடம் கேளுங்கள். போட்டுக் காட்டுவார், கொடுக்க மாட்டார்.