ஃபெஸ்டஸ் மானியனின் கல் பக்தி

நான் கோல்மன், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லண்டனில் சிமென்ட் கலவை சுமந்து, ஊர் திரும்பி, எனக்கு வீடு கட்டி, பிறருக்கும் கட்டிக் கொடுத்தவன். மழையே விடாத இந்தக் கானமாராவில் எங்கள் பக்கம் பாதி வீடுகள் என் கைபட்டவை. அதனால் கட்டடம் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை உண்டு. பக்கத்து வீட்டு ஃபெஸ்டஸ் மானியன் ஆயுளில் கட்டியது ஓர் ஆட்டுக் கொட்டகை. அதுவும் சாய்ந்து நிற்கிறது. ஆனால் அபிப்பிராயத்துக்கு மட்டும் அவனிடம் பஞ்சமே இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு மிஞ்சியது மகள் ஒர்லா மட்டும்தான். நிறைமாதம் நெருங்கும் வயிற்றோடு, கணவனுடன், அப்பன் வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கேரவன் வண்டியில் இருந்தாள். மழை அடித்தால் மெத்தை நனையும். பிரசவத்துக்குள் வீட்டின் பின்னால் ஓர் அறை எழும்பாவிட்டால் கால்வே நகரில் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் கேட்டது மரச்சட்டச் சுவர். பட்டறையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, ஒரே வாரத்தில் நிறுத்திவிடலாம். ஃபெஸ்டஸுக்கோ சிமென்ட் கல்தான் வேண்டும்.

"எம்பேரன் தீப்பெட்டிலயா வளரணும்?"

"இப்ப தகரத்துல வளரப் போகுதே, அது பரவால்லயாப்பா?"

"கொத்தனார் வருவாரும்மா. மழ விடட்டும்."

"கானமாராலயா? அதுக்குள்ள புள்ள காலேஜுக்குப் போயிடும்."

அவளுக்குப் புத்தி புகட்ட என் வீட்டுக்கே இழுத்து வந்தான். எங்கள் ஊரில் வீட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை, விரல் முட்டியால் தட்டித்தான் பார்ப்பார்கள். என் பின்னறையின் வெளிச்சுவரில் தோல் உரியத் தட்டினான்.

"கேட்டியா? கல்லு! அந்தப் பெரும் புயல்ல கோல்மன் வீடு அசஞ்சுதா?"

"ஃபெஸ்டஸ், அது மேல்சட்டைடா" என்றேன். "உள்ள நிக்கிறது மரம். கூரையத் தாங்குறதும் மரந்தான்."

எங்கள் பக்கம் மரச்சட்டத்துக்கு வெளியே கல் அடுக்கிப் பூசிவிடுவோம். ஊருக்கே தெரிந்த விஷயம். இவனோ அதே அறையில் வருடக்கணக்காகச் சீட்டாடிக்கொண்டே மர வீடுகளைத் திட்டியவன்.

"அதான பாத்தேன்! அந்த ரூம்ல உக்காந்தாலே எனக்கு முதுகு குடையும். இப்பல்ல காரணம் தெரியுது!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒர்லா சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல கால்வே கெளம்புறோம்ப்பா. நீங்க உங்க கல்லக் கட்டிக்கிட்டு இருங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்.

"வெளிய கல்லு வெப்பீங்கல்ல?"

"வெப்போம்."

"கெட்டியா?"

"கெட்டியாத்தான்."

"அப்ப அது கல்லு வீடுதான?"

"ஆமாண்டா சாமி, கல்லு வீடுதான்."

சொன்னபடி ஒரே வாரத்தில் சட்டத்தை நிறுத்திக் கூரையும் போட்டேன். என் வேலை அப்படி. வெளிக்கல் அடுக்க மட்டும் என்னை விடவில்லை. அந்தப் புனித காரியத்தை அவனுடைய கொத்தனார் மச்சான்தான் செய்யவேண்டுமாம். குழந்தை பிறந்தது, பெண். காய்ந்த, கதகதப்பான அறையில் தூங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில், மகள் எவ்வளவு மல்லுக்கு நின்றும் தான் கல்லிலேயே கட்டிக் காட்டியதாக ஃபெஸ்டஸ் பிரசங்கம் செய்தான். ஒர்லா குழந்தையைத் தோளில் தட்டியபடி பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மச்சான் இன்னும் வந்தபாடில்லை. மரச்சுவர் மேலே தார்ப்பாய் படபடக்க, சாலையில் போகிற எவன் கண்ணுக்கும் தெரிகிறபடி நிற்கிறது அந்தக் கல் வீடு.