புதன்கிழமைச் சாவி

புதன்கிழமை காலையில் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பஸ்ஸில் இசபெல்லாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் ஏறியதும் கண்டக்டர், "சாவி அக்கா வந்தாச்சு, போலாம் லா!" என்று குரல் கொடுப்பார். அவள் மடியில் ஒரு மைலோ டின் இருக்கும். டின்னுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைத்தான் சாவி என்றார்கள். எந்தப் பூட்டையும் அது திறக்காது.

எண்பத்தேழாம் வருஷம் அது. அவள் வேலை பார்த்த கண் கிளினிக்கின் டாக்டர் லோவுக்கு ஈப்போ, சுங்கை சிப்புட், ஆயர் தாவார் என்று மூன்று ஊர்களில் இடம் இருந்தது. மூன்றிலும் கம்ப்யூட்டரும் அதோடு சேர்ந்த அளவுக் கருவியும் வாங்கிப் போட்டார். புரை விழுந்த கண்மேல் பேனா போன்ற ஒன்றை மெல்லத் தொட்டு வைத்தால், திரையில் மலை மலையாகக் கோடு எழும்பும். அதைக் கணக்குப் பார்த்து, உள்ளே எந்த லென்ஸ் வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ஊரே அதிசயப்பட்டது. ஆனால் கம்ப்யூட்டர்தான் மூன்று. புரோகிராமுக்கு வாங்கிய லைசென்ஸ் ஒன்று. விற்க வந்தவர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: புரோகிராமை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சாவியைப் பின்னால் செருகிய கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது ஓடும்.

யார் எப்போது வைத்துக்கொள்வது என்று சண்டை வரும் முன்பே, முன்மேசையில் பெயர் பதிந்துகொண்டிருந்த இசபெல்லா, "நான் கொண்டு போயிட்டுக் கொண்டு வாரேன்" என்றாள். முறை வைத்ததும் அவள்தான். வாரத்தின் முதல் இரண்டு நாள் ஈப்போவுக்கு, புதன் சுங்கை சிப்புட்டுக்கு, வெள்ளி ஆயர் தாவாருக்கு. மேனேஜர் ஜெயபாலனுக்கு ஒரு தலைவலி விட்டது.

அவள் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சுங்கை சிப்புட் போகும் வழியில் இருந்த பாலத்தடித் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அப்பா மரியஜோசப் அங்கே ஆட்களை வேலை வாங்கும் மாண்டோர். ரப்பர் பால்மரம் வெட்டப் போன அம்மா லூர்துமேரி, இசபெல்லா நடக்கப் பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்து ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். தோட்டத்தைப் பற்றி அப்புறம் அவர் வாய் திறந்ததே இல்லை. அம்மாவைப் பற்றியும்தான்.

பஸ் ஜன்னலில், ரப்பருக்குப் பதிலாக நட்ட செம்பனை வரிசைகள் ஓடும்போது, இதில் எது நம் தோட்டம் என்று அவள் தேடிக்கொண்டே போவாள்.

ஒரு புதன்கிழமை, அவள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சுங்கை சிப்புட் கிளினிக்கில் கரண்டு போய்விட்டது. கடைத்தெரு முழுக்க இல்லை. சாயங்காலம்தான் வரும் என்றார்கள். வாசல் பெஞ்சில் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு, லாரி பிடித்து வந்தவர்கள். அந்த நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து ஜெயபாலன் போன் பண்ணினார். அவள் கரண்டு போனதைச் சொன்னாள்.

"இசபெல்லா, சாவிய எடுத்துக்கிட்டு உடனே பஸ் ஏறு. பெரிய மொதலாளி ஒருத்தர் வந்திருக்காரு. நாளைக்கி வெளிநாடு போறாராம். இன்னிக்கே அளந்தாகணும்."

"இன்னிக்கி இவங்க மொறை அண்ணே."

"அங்கதான் கரண்டு இல்லன்னியே! சாவிய வெச்சுக்கிட்டு என்னா செய்யப் போற?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நர்ஸ் மாரியம்மா, "அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லிரவாக்கா?" என்றாள். பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஓர் அம்மாள் பொதுவாகச் சிரித்தாள். "அடுத்த வாரம் யாரு வருவா? இந்த ஒரு நாளுக்கே காண்ட்ராக்டரு மொறைச்சாரு."

இசபெல்லா தெருவைப் பார்த்தாள். அவர்களைக் கொண்டுவந்த லாரி எதிர்ப்பக்கம் நிழலில் நின்றது. டிரைவர் பத்துமலை ஸ்டியரிங் மேல் தலை சாய்த்திருந்தார்.

"அண்ணே, ஈப்போ வரைக்கும் வருவீங்களா? இவங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு?"

பத்துமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏறச் சொல்லு லா. சும்மாதானே கெடக்கேன்."

பெஞ்சில் சிரித்த அம்மாளின் பெயர் செல்லாயி. அவளை முன்பக்கம் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள் இசபெல்லா. லாரி ஊர் எல்லையைத் தாண்டியதும் செல்லாயி கேட்டாள். "பேச்சக் கேட்டா நம்ம பக்கத்துப் புள்ள மாதிரி இருக்கு. நீ எந்தத் தோட்டம்?"

"பாலத்தடி. மாண்டோர் மரியஜோசப் மக."

செல்லாயியின் கை இருட்டில் துழாவுவதுபோல் வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. "லூர்து மகளா நீ? அவ வெட்டுன மர நெரைக்குப் பக்கத்து நெரை என்னுது. விடியாத இருட்டுல அவ ஒரு சத்தம் குடுப்பா, நான் ஒரு சத்தம் குடுப்பேன். புலி வந்தா மொதல்ல யாரப் புடிச்சுதுன்னு தெரிஞ்சுக்கத்தான்னு சொல்லிச் சிரிப்பா."

இசபெல்லா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அம்மா சிரிப்பாள் என்றுகூட இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் வேற தோட்டம் போயிட்டேன். பேரு என்னா வெச்சாங்க ஒனக்கு?"

"இசபெல்லா. சாமியாரு வெச்ச பேருன்னு அப்பா சொல்வாரு."

செல்லாயி வாய்விட்டுச் சிரித்தாள். "சாமியாரா! தொரை பங்களாவுல தொரசாணி ஒரு வெள்ளைப் பூனை வளத்துச்சு. பொழுது சாஞ்சா 'இசபெல்லா... இசபெல்லா...'ன்னு நீட்டிக் கூப்புடும். மரப்பால எடை போட்டுட்டு வரும்போது லூர்து நின்னு கேப்பா. கூப்புட எவ்ளோ நல்லா இருக்கு செல்லாயி, எனக்குப் பொண்ணு பொறந்தா இதான் பேருன்னா."

பத்துமலை சிரிப்பை அடக்க முடியாமல் ஹாரனை அடித்தார். இசபெல்லாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எந்த இடத்தில் அழுகை வந்தது என்று தெரியவில்லை. செல்லாயி அவள் கையை விடவே இல்லை.

ஈப்போ கிளினிக் வாசலில் லாரி வந்து நின்றதும் ஜெயபாலன் வெளியே ஓடிவந்தார். "சாவியக் கொண்டாரச் சொன்னா, தோட்டத்தையே கொண்டாந்திருக்கே!"

"அவங்க மொறை அண்ணே. சாவி எங்கயோ அவங்களும் அங்கதான்."

சத்தம் கேட்டு டாக்டர் லோ எட்டிப் பார்த்து, எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். முதலில் முதலாளியை அளந்தார்கள். பிறகு குளிர்சாதன அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் அளந்து, பொழுது சாய்வதற்குள் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் ஜெயபாலன் கையை நீட்டினார். "டின்னக் குடு. இனிமே சாவி எங்கிட்டயே இருக்கட்டும்." அவள் கொடுத்துவிட்டு முன்மேசைக்குப் போனாள். புதன்கிழமை வந்தால் அவளுக்கு வேலை ஓடாது.

ஜெயபாலன் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கண்ணெதிரே இருந்தது ஈப்போக் கூட்டம் மட்டும்தான். இன்று அனுப்பலாம், நாளை அனுப்பலாம் என்று சாவி அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் டாக்டர் வேறு வேலையாகச் சுங்கை சிப்புட் போனார். வாசல் நிறைய ஆட்கள்; உள்ளே கம்ப்யூட்டர் உறை போட்டபடி. மாரியம்மா தனக்குத் தெரிந்த மலாயில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். திரும்பி வந்தவர் நேரே ஜெயபாலன் அறைக்குப் போய் டின்னை எடுத்து வந்து, இசபெல்லாவின் மேசையில் வைத்தார். "முறையை நீயே பார்த்துக்கொள். நான் கேட்டாலும் மாற்றாதே" என்றார் மலாயில்.

செல்லாயிக்கு ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று இசபெல்லா பக்கத்தில் இருந்தாள். செல்லாயி சுவரைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள், கடைசியில் அவளைப் பார்த்தாள். "கொரல வெச்சு நல்ல ஒசரமா இருப்பேன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து மற்ற இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிச் சாவி வந்துவிட்டது. பஸ் பயணம் நின்றது. எல்லோரும் நல்லது என்றார்கள், நல்லதுதான். இசபெல்லா டாக்டரிடம் போய், தன்னைச் சுங்கை சிப்புட் கிளினிக்குக்கே மாற்றிவிடும்படி கேட்டாள். அங்கே ஒரு சின்ன வாடகை வீட்டில் அப்பாவோடு குடியேறினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசை முடிந்து வரும்போது, வீட்டு வாசலில் செல்லாயி காத்திருப்பாள். கருவாட்டுக் குழம்பு வாசத்தில் பேச்சு தொடங்கும். முதலில் அறைக்குள்ளேயே இருந்த மரியஜோசப், ஒரு நாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பூனை வெள்ளை இல்ல செல்லாயி," என்றார், "சாம்பல் நெறம்."