ரேடியோவுக்கு நான் சொன்ன புத்தி

பேருந்து நிலையத்துக்கு எதிரே மரப்பெட்டியும் சாவி வெட்டும் மெஷினுமாக உட்கார்ந்திருக்கும் பூட்டுக்காரருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயவே ஓயாது. பூட்டைக்கூட விடமாட்டார். "ஏன்டா ராஜா அடம் பிடிக்கிற, நானும் வீட்டுக்குப் போக வேணாமா?" என்று கெஞ்சிக்கொண்டேதான் கம்பியை நுழைப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்றைக்குத் திறந்த ஒவ்வொரு கதவையும் மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் பாத்திரம் தேய்த்தபடி 'ம்' கொட்டுவாள். பதினெட்டு வருடக் கல்யாணம் அப்படித்தான் ஓடியது.

இதையெல்லாம் அவரேதான் என்னிடம் சொன்னார். நான் இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல். நான் கேட்டது ஒரு கேள்வி, அவர் பேசியது முக்கால் மணி நேரம்.

நடந்தது இதுதான். கையில் பால் பாக்கெட், காலில் வீட்டுச் செருப்பு, தலையில் தொப்பியோடு ஒருவன் வந்து, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று இவரை மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போயிருக்கிறான். இவரும் கதவைத் திறந்துகொடுத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் ஊரிலிருந்து திரும்பிய உண்மையான வீட்டுக்காரர் பார்த்தால், பீரோவில் நகை இல்லை. மாடிப்படிக் கேமராவில் தெளிவாக விழுந்தது ரேடியோவின் முகம் மட்டும்தான்.

போலீஸ் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தது. அங்கேயாவது நம் ஆள் சும்மா இருந்தாரா? டீ வாங்கிக்கொடுத்த காவலரிடம், "அதெல்லாம் ஒரு பூட்டா சார், கண்ணை மூடிக்கிட்டே திறப்பேன்" என்று பெருமை அடித்திருக்கிறார். அதையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அண்ணே, இனிமே நான் பக்கத்துல இல்லாம யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. இந்தக் கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"யார்கிட்டயுமா மேடம்?"

"யார்கிட்டயும்தான்!"

எரிந்து விழுந்தேன். வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

மூன்றாவது விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ரேடியோ வாயே திறக்கவில்லை. கைது செய்யாமல் அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வாரம் பால் பாக்கெட்டுக்காரன் வேறொரு ஊரில் நகையோடு பிடிபட்டான். பூட்டுக்காரரை ஏமாற்றியதையும் ஒப்புக்கொண்டான். இவர்மேல் வழக்கு இல்லை என்று போலீஸிடம் கடிதமாகவே எழுதி வாங்கிவிட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"முதல்ல வீட்ல சொல்லுங்கண்ணே!" என்றேன் போனில்.

"அவ இல்ல மேடம். அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கே அவள் கேட்டிருக்கிறாள். இவர் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். தினமும் கேட்டிருக்கிறாள். மூன்று வாரம் அந்த வீட்டில் ரேடியோ பாடவில்லை. பேசாத புருஷனை அவள் அதுவரை பார்த்ததே கிடையாது. நகையை எடுத்திருக்கிறார் என்றே முடிவு கட்டி, கிளம்பிவிட்டாள்.

அன்று மாலையே அவரை அழைத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே கடிதத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தப்பு என்மேலதாம்மா. யார்கிட்டயும் பேசாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க வக்கீலம்மா" என்றாள். "ஆனா ஊர்ல இருக்கறவங்களோட நானும் ஒருத்தியா? எடுத்தேன்னு சொல்லியிருந்தாக்கூட அவர் பக்கத்துலதான் நின்னிருப்பேன்."

பிறகு அவரிடம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"கடுதாசி கிடக்கட்டும். உங்க வாயால சொல்லுங்க. எடுத்தீங்களா?"

ஒரே ஒரு 'இல்லை' போதும். அவரும் வாயைத் திறந்தார். திறந்தவர், பேசுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார், சொல்லலாமா என்று.

அதை அவளும் பார்த்தாள். கடிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

"நான் எடுக்கலம்மா" என்றார் ரேடியோ, அந்தக் கதவிடம்.