அம்மா வாங்கிய ஜாம்

என் அம்மா மலாக்கா செட்டி வீட்டுப் பெண். சாமி கும்பிட மட்டும் தமிழ், மற்றதெல்லாம் மலாய்தான். அப்பா தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த தமிழர். எனக்கு அ, ஆ கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் போன பிறகு, காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். பண்டார் ஹிலிரில் வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, அவள் வீடு திரும்ப ஏழு மணி தாண்டிவிடும்.

ஒன்பது வயதில் என்னை ஆட்டிவைத்தது ஒரு ரொட்டி. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைப் பிரித்தாள். நடுவில் சிவப்பாக, பளபளவென்று என்னமோ இருந்தது. "ஜாம்" என்றாள். ஒரு விள்ளல்கூடக் கொடுக்கவில்லை, மகராசி. அன்று அம்மாவை வாசலிலேயே மறித்துக்கொண்டு, "மாக், நாக் ஜாம்!" என்றேன். அம்மா, எனக்கு ஜாம் வேண்டும்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைத் தடவி, "நந்தி மாக் பெலி" என்றாள். அப்புறம் வாங்கித் தருகிறாளாம்.

ஒரு புட்டி ஜாமுக்கு இவ்வளவு யோசனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதங்கள் போயின. கேட்கும்போதெல்லாம், "பெலும்." இன்னும் இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் வெற்றிலை போடுவதை நிறுத்தினாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்தாள். சுதந்திரம் வந்தது, ஊரே கொண்டாடியது. அம்மா வேலை பார்த்த இரண்டு வீட்டுக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். மிச்சமிருந்த வீடுகளில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கஞ்சப் பிசினாரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

மறு வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, இடது கையில் ஒரு சின்னக் கைக்கடிகாரத்தைக் கட்டினாள். வார் பெரிதாக இருந்தது. ஊசியைச் சுட்டு இன்னொரு துளை போட்டு இறுக்கிவிட்டாள். "நா, ஜாம்" என்றாள். இந்தா, ஜாம்.

அப்போதுதான் உறைத்தது. மலாயில் ஜாம் என்றால் கடிகாரம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே அவள் பேச ஆரம்பித்தாள். அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "தனியா கிடக்கிற பிள்ளை, அம்மா எப்ப வருவான்னு பார்க்கத்தானே கேட்டே? அன்னிக்கே எனக்குப் புரிஞ்சு போச்சும்மா. இனிமே ஆறு மணிக்கு வந்துடுவேன்."

நான் அவளுக்காக ஒருநாளும் காத்திருந்ததில்லை. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு முற்றத்தில் ஆட்டம். அவள் வந்து கூப்பிட்டால்தான் வீட்டு நினைப்பே வரும். இல்லாத ஏக்கத்தை நினைத்து அவள் ஒன்றரை வருஷம் மறுகியிருக்கிறாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதெல்லாம் அதற்குச் சாட்சியாகிப்போனது. அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவளும் அழுதாள்.

கடிகாரத்தைக் கண்ணாகக் காத்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோவாள் என்று பயம். பண்டிகை முடிந்த மறுநாளிலிருந்து, முட்டுவலியோடு ஓட்டமும் நடையுமாக வர ஆரம்பித்தாள். வேலிக் கதவைத் தொட்டதும், மூச்சு வாங்க ஒரே கேள்வி: "மாக் லம்பாட்?" அம்மா தாமதமா?

"இல்ல மாக்" என்பேன், ஆட்டத்திலிருந்து அப்போதுதான் ஓடிவந்து நின்றவள். நான் வாயைத் திறந்திருந்தால் அவள் நடந்தே வந்திருக்கலாம். வேலையை விடும்வரை ஓடியேதான் வந்தாள்.