அக்காவுக்கு ஊற்றாத பால்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். மழை விட்டும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் இல்லத்தின் நடையில், மூன்றாம் படுக்கையைப் பார்த்தபடி நின்று, கைக்கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு ஆறு. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். அப்போதும் ஆறுதான். படுத்திருந்தவள் என் அக்கா பாக்கியம்.

நான் அரசு மருத்துவமனையில் ஆண் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. ஆறு ஆண்டுகளாக இந்த இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இனிக் குணமாகாது என்று பெரிய மருத்துவமனைகள் சொல்லி அனுப்பியவர்கள் இங்கே வருவார்கள். பத்துப் படுக்கைகள். நோயை நாங்கள் தொடுவதில்லை. வலி, வாந்தி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், பயம், இவற்றைத்தான் பார்க்கிறோம்.

வெளியில் உயிர் போன உடலை எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே வைத்து, அங்கிருந்தே தூக்கிவிடுவார்கள். அதனால் உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று குடும்பங்கள் தவிக்கும். சீக்கிரம் அனுப்பினால் வீட்டில் வலிக்கு மருந்து போட ஆளில்லை. தாமதித்தால் வழியிலேயே முடிந்துவிடும். "இப்போது கிளம்பலாம்" என்று சொல்வது எங்கள் இல்லத்தில் என் பொறுப்பு. மூச்சையும் நாடியையும் எண்ணி, முழங்காலின் நிறத்தைப் பார்த்துச் சொல்வேன். அதுவரை நூற்றுப் பதினெட்டுப் பேரை அப்படி அனுப்பியிருந்தேன். எல்லாரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்றே குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். வண்டியின் கதவைச் சாத்தியதற்குப் பிறகு நடந்த எதையும் நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு முதலில் தெரிந்தது சாப்பாட்டில்தான். கீழப்பழுவூரில் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் அவள் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். நான்கு கவளத்துக்கு ஐந்து முறை. கேட்டதற்கு, "எண்ணாம தின்னுடா. எண்ணுனா ஒடம்புல ஒட்டாது" என்றாள். பொறுக்காமல் மறுவாரமே திருச்சிக்கு அழைத்துப்போனேன். எண்டோஸ்கோப்பி (தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்தார்கள். உணவுக்குழாயில் புற்று. கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில மாதங்கள் குழைந்த சோறு இறங்கியது. பிறகு கஞ்சி மட்டும். பிறகு ஸ்டென்ட் (அடைத்துக்கொண்ட குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலை) வைத்தார்கள். அதற்குள்ளும் கட்டி வளர்ந்தது. தண்ணீர் குடித்தாலே விக்கி, கண் பிதுங்கி, மூக்கு வழியாக வந்தது.

எங்கள் இல்லத்துக்கு வந்த அன்றே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினாள்.

"எனக்கு என் வூட்டுல சாவணும். கேட்டுக்கிட்டியா?"

"சரிக்கா."

"சரின்னு மண்டைய ஆட்டாத. இன்னொன்னு இருக்கு. கடைசியில பால் ஊத்தறேன்னு ஆளாளுக்கு டம்ளரக் கவுப்பானுவ. ஒரு வருசமா தண்ணிக்கே செத்துச் செத்துப் பொழைக்கிறவ நான். ஒரு சொட்டு தொண்டைக்குள்ள எறங்கக் கூடாது. விக்கிச் சாவ மாட்டேன், சொல்லிட்டேன்."

"பால் வேண்டாம்னு சொல்லிடவா?"

"ஏண்டா, புள்ள கையால பால் இல்லாம போக நான் என்ன அனாதையா? பாலும் வேணும், விக்கவும் கூடாது. இத்தன வருசம் வெள்ளச் சட்ட போட்டியே, அதுக்கு ஒரு வழி பண்ணு."

அதற்கு என்ன வழி என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 21 அன்று காலையிலிருந்தே கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. டாக்டரம்மா வாரத்தில் மூன்று நாள் வருவார். அன்று அவர் வரும் நாளில்லை. நான் அக்காவின் மூத்த மகன் செல்வராசுவுக்குப் போன் செய்து, கிளம்பலாம் என்று சொன்னேன். நான் சொன்ன நூற்றுப் பத்தொன்பதாவது முறை அது. அந்த முறை கதவைச் சாத்திவிட்டு நிற்க முடியாது. வண்டிக்குள் ஏறிக்கொண்டேன்.

அரியலூர் வரைக்கும் முன்னால் சிமெண்டு லாரிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் டிரைவரைத் திட்டினேன். மூன்று திட்டுக்குப் பிறகு அவர், "நீங்க வேணா ஓட்டுறீங்களா சார்?" என்றார். நான்கு மணிக்குக் கொடுக்க வேண்டிய வலி மருந்து இந்த அவசரத்தில் விட்டுப்போயிருந்தது. வண்டியில் அதைக் கொடுக்கவும் முடியாது. அது எனக்கு வழி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

கீழப்பழுவூரில் அக்கா வீட்டுக்கு முன் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். திருமானூர்ச் சொந்தக்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். பந்தல்காரர் கழிகளோடு வந்திருந்தார். நடுக்கூடத்தில் கட்டிலில் படுக்கவைத்தோம். செல்வராசுவின் மனைவி மல்லிகா தலைமாட்டில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு அம்மா பால் டம்ளரோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"யாரு அது, டம்ளரோட?" குரல் கரகரத்தது. "சக்கர போட்டியா?"

கூட்டத்தில் ஒரு கிழவர், "பந்தக்காரன் கழிய எறக்கவா ஏத்தவான்னு கேக்குறான், யாராவது பதில் சொல்லுங்கப்பா" என்றார். சிரிக்கக் கூடாத இடத்தில் எல்லாரும் சிரித்தோம். அக்கா என்னைத் தேடிப் பார்த்து, "என்னடா, கணக்கு தப்பிப்போச்சா?" என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "சிறுநீர் எவ்வளவு போனாங்க?" என்று கேட்டார்.

"காலையிலேர்ந்து நூறு மில்லிகூட இல்லம்மா."

"அப்ப மார்ஃபின் வெளியேறாம உடம்புலேயே தங்கியிருக்கும். அதான் மூச்சு கொறஞ்சிருக்கு. கண்மணியப் பாத்தீங்களா? ஊசிமுனை மாதிரி இருந்துச்சா?"

பார்க்கவில்லை. நான்கு மணி மருந்து விட்டுப்போனதால்தான் அவள் விழித்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் நான் சொல்லித்தருவது இதைத்தான்: மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) எடுப்பவர் அளவுக்கு மீறித் தூங்கினால் அது முடிவு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தால் விழித்துக்கொள்ளலாம். எங்கள் அக்காவுக்கும் அளவைப் பாதியாக்கினோம். எந்த நர்ஸும் தன் இரத்த சொந்தத்துக்கு மருத்துவம் பார்க்கக் கூடாது என்பார்கள். அது சரிதான். ஆனால் கீழப்பழுவூரில் அன்று வேறு நர்ஸ் இல்லை.

அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் கிடைத்தது.

அந்த ஒன்பது நாளும் நான் அங்கேயே இருந்தேன். மாத்திரை இறங்காததால் தோலுக்கடியில் சின்ன ஊசி ஒன்றை நிறுத்தி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வழியாக மருந்து போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டையும் ஈறுகளையும் துடைத்தேன். வாய் காயாது, தொண்டைக்கும் எதுவும் இறங்காது. இல்லத்தில் தினமும் செய்வதுதான். மல்லிகா இரண்டே முறை பார்த்துவிட்டு என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். "நீங்க பிழியறதுல பாதித் தண்ணி துணியிலேயே நிக்குது மாமா. தள்ளுங்க."

கார்த்திகை தீபத்தன்று கட்டிலைக் கதவுப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னாள் அக்கா. தெருவில் அகல் விளக்குகள் எரிந்தன. எதிர் வீட்டில் ஒரு விளக்கு அணைந்ததும், "எண்ண கம்மியா ஊத்தியிருக்கா. எப்பவுமே அவ கைய இழுத்துக்கிட்டுத்தான் ஊத்துவா" என்றாள். அதுதான் அவள் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம்.

மறுநாளிலிருந்து நினைவு தவறியது. இந்த முறை கண்மணியைப் பார்த்தேன், சிறுநீரைப் பார்த்தேன், மருந்தின் அளவைப் பார்த்தேன், டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றையும் சொன்னேன். முழங்காலில் ஊதாத் திட்டுகள் படர்ந்தன. தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தது (விழுங்க முடியாத எச்சில் தேங்குவதால் வருவது, கேட்பவருக்குத்தான் அது கொடுமை, படுத்திருப்பவருக்குத் தெரியாது). அந்தச் சத்தம் மூன்று நாள் நீடித்தது. கேட்கக் கேட்கச் செல்வராசு உடைந்துகொண்டே போனான்.

முப்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு அவன் அக்கா பாடுபட்ட கொல்லை நிலத்துக்குப் போய்விட்டுச் சேற்றுக் காலோடு வந்தான். கையில் ஒரு சொம்பில் பால். பால் சிவந்து கலங்கியிருந்தது.

"என்னப்பா இது?"

"கொல்லை மண்ணு, மாமா. மண்ணாசதான் இழுத்துப் புடிச்சிருக்குங்கறாங்க. கரைச்சு ஊத்துனா போயிரும்."

"ஊத்துனா போயிடும்தான். மூச்சுக்குழாய்ல எறங்கி, விக்கிப் போகும். அதுக்குப் பேரு வேற."

"மூணு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன் அந்தச் சத்தத்த. உங்களால தாங்க முடியும், நீங்க நர்ஸு. நான் புள்ள." அவன் குரல் ஏறியது. "ஊருல உள்ளவங்கள எல்லாம் நல்லபடியா அனுப்பிவச்சீங்க. எங்கம்மாவ மட்டும் அனுப்ப மாட்டேங்கறீங்க."

வாசலில் நின்றவர்கள் அவன் பக்கம்தான் என்பது முகத்தில் தெரிந்தது. சொம்பு அக்காவின் உதட்டுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். என் பலம் அவன் பலத்தில் கால்வாசி இருக்காது. அவன் நினைத்திருந்தால் உதறியிருக்கலாம்.

"உங்கம்மா என்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கு" என்று ஆரம்பித்து, அவள் இல்லத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன். பாலும் வேணும், விக்கவும் கூடாது.

"அப்ப மண்ணு?" என்றான். சின்னப் பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

தலைமாட்டில் இருந்த மல்லிகா நிமிர்ந்தாள். "அத்த என்ன மண்ணத் தின்னா வெவசாயம் பண்ணுச்சு? கையாலதான பண்ணுச்சு. கையில வைங்க."

செல்வராசு வெளியே போய்ப் புதிதாக ஒரு பிடி மண் கொண்டுவந்தான். அக்காவின் வலது கையை நான் விரித்துக்கொடுத்தேன். அவன் மண்ணை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மல்லிகா சுத்தமான பால் கொண்டுவந்தாள். துணியை நனைத்து, சொட்டு விழாதவரை பிழிந்து, முதலில் செல்வராசுவிடம் கொடுத்தாள். அவன் உதட்டில் தொட்டான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "துணியில தொட்டா பாலாகுமா?" என்று ஒருவர் முணுமுணுத்தார், ஆனாலும் அவரும் வரிசையில் நின்று தொட்டார். பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் மல்லிகா புதிதாக நனைத்துப் பிழிந்தாள். கடைசியாக நான் தொட்டேன். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. அதை மட்டும் என் தொழிலின் மேல் ஆணையாகச் சொல்ல முடியும்.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. விக்கல் இல்லை, இருமல் இல்லை. தன் வீட்டு நடுக்கூடத்தில், கையில் மண்ணோடு போனாள்.

பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் போர்த்த வேண்டும். பச்சைச் சேலை வாங்கியிருந்தேன். எல்லாம் முடிந்து எட்டாம் நாள் இல்லத்துக்குத் திரும்பினேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது வீட்டில் ஒருவரைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்குத் தெம்பு சொல்லும் குணம் எனக்கில்லை. அது கடினமான வேலை. இடுப்பு ஒடியும். சொந்தக்காரர்கள் வந்து நாள் கணக்குக் கேட்பார்கள். நீங்களே, இது எப்போது முடியும் என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். அப்படி நினைப்பது பாவமில்லை.

என் உடம்பு மாறியிருக்கிறது. சாப்பிடும்போது ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்குவது தெரிகிறது. முன்பு பத்து நிமிடத்தில் முடியும் சாப்பாடு இப்போது அரை மணி ஆகிறது. இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே அடுத்த வாயை எடுக்கிறேன். யாராவது என்னிடம் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டால் எண் சொல்வதில்லை. என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன். அக்காவுக்குப் பிறகு ஏழு குடும்பங்களோடு வண்டியில் ஏறிப் போயிருக்கிறேன். துணியை நனைத்துப் பிழியக் காட்டிக்கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்புகிறேன். "இந்த வயசுல இது தேவையா?" என்று என் மகன் கேட்கிறான். தேவைதான். ஐம்பது வருடமாகச் செய்த வேலை எதற்கு என்று எனக்கு இந்த ஏழு வீடுகளில்தான் தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அழுதும் இருக்கிறேன். இறங்கும்போது மனம் நிறைந்தே இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செல்வராசு செலவைப் பகிர்ந்துகொள்கிறேன் என்றான். நான் வாங்கவில்லை. வண்டி வாடகை நாலாயிரத்து இருநூறு. படுக்கைப்புண் வராமலிருக்க வாடகைக்கு எடுத்த காற்று மெத்தை ஆயிரத்து இருநூறு. இல்லத்தில் சம்பளமில்லாமல் போன பதினாறு நாளுக்கு ஆறாயிரத்து நானூறு. கோடிச் சேலை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. பஸ்ஸுக்கு நானூற்று முப்பது. ஆக மொத்தம் பதினாலாயிரத்து எண்பது ரூபாய்.