ஊருக்கெல்லாம் நல்ல விருந்தாளி

எழுபத்தொரு இரவு. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் போன வருடம் அடுத்தவர் வீடுகளில் தூங்கிய கணக்கு இது. காலண்டரில் வட்டம் போட்டு எண்ணியவர் அவர் மனைவி. கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, ஒரு நாளைக்கு முந்நூறு பேரை எண் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிறவர். நோயாளிகளுக்கு அவர் டோக்கன் அக்கா.

எந்த ஊரில் லிஃப்ட் நின்றாலும் கம்பெனி கணவரைத்தான் அனுப்பும். அந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் இருந்துவிட்டால் ஜாகை அங்கேதான். எழுபத்தொன்றில் முப்பத்திரண்டு இரவு, அக்காவின் தங்கை வீட்டில். அக்காவுக்கு வயிறு எரிந்தது அந்த முப்பத்திரண்டுக்குத்தான்.

அவர் அங்கிருந்து பஸ் ஏறியதுமே தங்கையிடமிருந்து போன் வந்துவிடும்.

"அக்கா, நீ குடுத்து வச்சவ. அத்தான் படுத்த இடமே தெரியல. போர்வைய மடிச்சு, தலகாணி உறையக் கழட்டித் துவைக்கிற கூடையில போட்டுட்டுப் போயிருக்காரு. பாத்ரூம் தரையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!"

"ஆமாண்டி, தங்கமான மனுஷன்" என்பார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தத் தங்கம் வீட்டுக்கு வந்த அரைமணி நேரத்தில் ஈரத்துண்டு கட்டில்மேல் கிடக்கும். ஒரு சாக்ஸ் சோபாவுக்கு அடியில். இன்னொன்று கடவுளுக்கே வெளிச்சம். குடித்த டீ கிளாஸ் ஜன்னல் விளிம்பில் காய்ந்து ஒட்டும்.

இதையெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறு. தங்கை வேலை பார்க்கும் பேக்கரியின் முதலாளி, பேசும்போது மூக்கை உறிஞ்சுவார் என்பது வரை கணவருக்குத் தெரியும். அக்காவின் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் மாறி ஒரு வருடம் ஆனது தெரியாது.

போன மாதம் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, "நானும் வரேன்" என்று அக்காவும் தங்கை வீட்டுக்குக் கூடவே கிளம்பினார். கேள்விப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பார்த்தார். காலை ஐந்தரைக்குக் கணவர் எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல் நடந்து, அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சிங்கில் கிடந்த பாத்திரத்தைத் துலக்கினார். தண்ணீர் கேன் காலியாகியிருந்தது; மாற்றி வைத்தார். பதினாறு வருடமாக வீட்டில் கேன் தானாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார் என அக்கா நம்பியிருந்தார்.

தங்கை வேலைக்குக் கிளம்ப வந்ததும், கணவர் டீயை நீட்டிக் கேட்டார்: "ஏம்மா, நேத்து அந்த மூக்குறிஞ்சி என்ன சொன்னான்?"

தங்கை சொல்லச் சொல்ல, கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். வாசற்படியில் நின்ற அக்காவுக்கு டீ கசந்தது.

பக்கத்தில் இன்னொரு முகமும் தொங்கிப்போயிருந்தது. தங்கையின் கணவர், அதாவது சகலை. பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

"அண்ணி, உங்களுக்கு மட்டும்தான் எரியுதுன்னு நினைக்காதீங்க. இவரு பாட்டுக்கு வந்து துண்ட மடிச்சு வச்சிட்டுப் போயிடுறாரு. அப்புறம் மாசம் பூரா 'அத்தானப் பாருங்க, அத்தானப் பாருங்க'ன்னு எனக்குல்ல அடி விழுது!"

"அடியா?"

"வாயாலதான். அதுக்குக் கையே தேவலாம்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டேவிட்டார். "அங்க அப்படி இருக்கீங்க. நம்ம வீட்டுல மட்டும் ஏன் இப்படி?"

கணவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அது அடுத்தவங்க வீடும்மா. தும்முறதுக்குக்கூட யோசிக்கணும். நம்ம வீட்டுலதானே கால நீட்ட முடியும்? உங்கிட்டதானே நான் நானா இருக்க முடியும்?"

பிரியமாக ஏதோ சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில்.

"அப்ப நான் எங்க போய்க் கால நீட்டுறது?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வீட்டில் அவர் துண்டை மடித்தது இரண்டே நாள்.

நேற்று மாலை தங்கை மறுபடி கூப்பிட்டாள். "ஒம்பது மாடிக் கட்டடத்துல வேலையாமே, பத்து நாளாமே! அத்தானுக்கு ரூமெல்லாம் பெருக்கி வச்சிட்டேன்."

"அங்க வந்து தங்கமாட்டாருடி. லாட்ஜ்ல இருக்கட்டும்."

"ஏங்க்கா? நாங்க ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டோமா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. எனக்குப் பொறாமையா இருக்கு. அவ்வளவுதான்."

போனில் தங்கைக்குப் பின்னால் சகலை தொண்டையைச் செருமுவது கேட்டது.

தங்கை ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள லாட்ஜில், இரண்டாம் மாடியில், பத்து நாளைக்கு அறை போட்டாயிற்று. நேரில் போய்ப் போட்டவர் சகலை. கணவர் திங்கட்கிழமை கிளம்புகிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.